தலைச்சோலை ரத்தம்

1

ஏற்காட்டில் இப்போது காப்பிப் பறிப்பு மும்முரமாக இருக்கும். ஆள் கிடைக்கவில்லை என்று எல்லாரும் எல்லாரையும் திட்டிக்கொண்டிருப்பீர்கள். நான் வட ஜெர்மனியிலிருந்து ரயிலேறி வந்து, தென் ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெளியே பனி கொட்டுகிறது. காலை நேரம்தான், ஆனால் விளக்குப் போட்டிருக்கிறார்கள்.

என் வேலையைப் பற்றி எழுது, எழுது என்று ஊரிலிருந்து ரொம்ப நாளாகக் கேட்கிறீர்கள். சரசு அங்கே என்னதான் செய்கிறாள் என்று செம்மநத்தம் வரைக்கும் சந்தேகம் இருக்கிறதாம். கம்ப்யூட்டர் என்றால் பேங்க்கா என்கிறீர்கள், ரத்தம் என்றால் நர்ஸா என்கிறீர்கள். கிண்டலும் கேலியுமாக எழுதலாம் என்று ஒரு பக்கம் எழுதியும் வைத்திருந்தேன். அதைக் கிழித்தாயிற்று. ஆனாலும் வேலையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் நான் ஏன் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று உங்களுக்குப் புரியாது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தால் வெள்ளை அணு இவ்வளவு, சிவப்பு அணு இவ்வளவு என்று மொத்தமாகச் சொல்வார்கள். எங்கள் ஆய்வகத்து மெஷின் அப்படி இல்லை. ஒவ்வொரு செல்லாகப் பிடித்து, உன்மேல் எந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கும். ஒரு செல்லுக்கு நாற்பது சொச்சம் எண்கள். ஒரு ஆளின் ரத்தத்துக்கு லட்சக்கணக்கான செல்கள். மனுசன் உட்கார்ந்து படித்தால் ஆயுசு போதாது. அதைப் படிக்கிற மென்பொருளை எழுதுவதுதான் என் வேலை. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற செல்களை அது பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திரையில் ஒரு படம் போடும். பார்க்கக் கடலில் கிடக்கும் தீவுகள் போல இருக்கும். ஒவ்வொரு தீவும் ஒரு வகைச் செல்.

மெஷினுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரே ரத்தத்துக்குத் திங்கட்கிழமை ஒரு எண் சொல்லும், வியாழக்கிழமை வேறொரு எண் சொல்லும். அதனால் ஒரு நல்ல ஆரோக்கியமான ஆளின் ரத்தத்தைச் சின்னச் சின்னக் குப்பிகளில் உறைய வைத்துக்கொள்வோம். எந்த நோயாளியின் ரத்தத்தை ஓட்டினாலும் கூடவே அந்தக் குப்பியில் ஒன்றையும் ஓட்டுவோம். குப்பியில் இருப்பது மாறாது, ஆகவே எண் மாறினால் தப்பு மெஷினுடையது. மென்பொருள் அந்த ஆளை வைத்து மற்ற எல்லாரையும் நேர் செய்யும். அந்த ஆளுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் நங்கூரம்.

இன்னொரு தொல்லை, சில சமயம் இரண்டு செல்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றுபோல ஓடிவிடும். ஒரு செல்லில் சேர்ந்து இருக்கவே கூடாத புரதங்கள் சேர்ந்து தெரிந்தால், இது ஒட்டிக்கொண்ட இரட்டை என்று மென்பொருள் தூக்கிக் குப்பையில் போட்டுவிடும். நம் ஊரில் காப்பிப் பழத்தைத் தொட்டித் தண்ணீரில் கொட்டி மிதப்பதை அள்ளி ஒதுக்குகிறோமே, அதுபோலத்தான். உலகத்தில் இந்த வேலை செய்கிற எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

எங்கள் நங்கூரம் என் அண்ணன். முந்தாநாள் வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

2

பழனிசாமி அண்ணன் போன மார்ச் மாதம் இங்கே வந்தார். அம்மா அப்பா போன பிறகு தலைச்சோலைத் தோட்டம், மிளகுக் கொடி, ஆரஞ்சு மரம் எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்கு விசா வாங்குவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. காரணம் தாடி. அண்ணிக்கு அதற்கு முந்தின வருஷம் பெரிய ஆபரேஷன். நல்லபடி பிழைத்து எழுந்தால் அடுத்த திருவிழா முடிகிற வரைக்கும் முகத்தில் கத்தி வைப்பதில்லை என்று சேர்வராயன் கோயிலில் வேண்டிக்கொண்டு வந்துவிட்டார். பாஸ்போர்ட்டில் மழமழவென்று ஒரு முகம், விசா போட்டோவில் சாமியார் போல ஒரு முகம். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நம்ப வைக்க நான் எத்தனை அலுவலகங்களுக்கு எத்தனை மெயில் போட்டேன் என்பதைத் தனியாக ஒரு புஸ்தகமாக எழுதலாம்.

விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து அழ வேண்டும் என்று போனவள், அந்தத் தாடியைப் பார்த்ததும் சண்டைதான் போட்டேன்.

"ஏனுங்கண்ணா, ஆபரேசன் பண்ணுனது டாக்டருங்க. சாமிக்கு எதுக்குங்க தாடி?"

"வேண்டுதல் கண்ணு. உனக்கு அதெல்லாம் வெளங்காது, உடு."

"எனக்கா வெளங்காது? ரத்தத்துக்குள்ள பூந்து பாக்கறவளுங்க நானு!"

"செரி செரி. குளுருது, ஊட்டுக்குப் போலாமா?"

என் மகள் தேன்மொழி நடுவில் புகுந்து மாமாவின் பையை வாங்கிக்கொண்டாள். "அம்மா, விடேன். தாடி அழகாத்தான் இருக்கு," என்றாள்.

"நீ நொம்ப நல்லவ சாமி," என்று அவள் தலையைத் தடவினார்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. நம் ஊரில் வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காப்பி கொடுப்பது மாதிரி, இங்கே வந்தவர்களிடம் ரத்தம் கேட்பார்கள். ஆரோக்கியமான ஆள் கிடைப்பது அவ்வளவு அபூர்வம். எங்களில் பாதிப் பேர் கொடுத்திருக்கிறோம். புது நங்கூரம் தேவைப்பட்ட சமயத்தில்தான் அண்ணனை ஊர் சுற்றிக் காட்டுகிற சாக்கில் அங்கே கூட்டிப்போனேன். எங்கள் குழுத் தலைவி பெத்ரா அவரைப் பார்த்தாள், அவருடைய தோளைப் பார்த்தாள். "உங்கள் அண்ணன் தருவாரா?" என்று கேட்டாள். நான் அண்ணனைக் கேட்கக்கூட இல்லை. தாராளமாகத் தருவார் என்று சொல்லிவிட்டேன். அண்ணனிடம் தமிழில் சொன்னபோது ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தார். பிறகு, "செரி கண்ணு, உங்க மேலதிகாரி கேக்கறாங்க," என்றார்.

எனக்கு ஒரு மீட்டிங் இருந்தது. ரத்தம் எடுக்கும் அறையில் நர்ஸிடம் பேச மொழி வேண்டுமே என்று தேனுவை அவரோடு உட்கார வைத்துவிட்டுப் போனேன். குழாய்களில் பெயர் கிடையாது, வயது கிடையாது, ஆணா பெண்ணா என்பதுகூடக் கிடையாது. வெறும் குறியெண். கொடுப்பவரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்பது சட்டம், இந்த ஊரில் அதற்கு மேல் சாமியே இல்லை.

திரும்பி வந்தபோது இரண்டு பேரும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். தேனு கோட்டைப் போர்த்திக்கொண்டு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் இன்னொரு காலி டப்பா. "ஏன்டீ, ரத்தம் குடுத்தவருக்கு வெச்ச ஜூஸ நீ குடிக்கறயா?" என்று கடிந்தேன். மாமனும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அந்த இரண்டும் சேர்ந்தால் எப்போதும் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

முதல் படம் திரையில் வந்த அன்று பெத்ரா என்னைக் கூப்பிட்டாள். "ஐம்பது தாண்டிய ஆளா இவர்? இருபது வயதுக்காரர் போலல்லவா இருக்கிறது?" எந்தக் கிருமியையும் சந்திக்காத புதுச் செல்கள் இளம் வயதில்தான் அப்படி நிறைய இருக்கும், வயது ஏற ஏறக் குறைந்துவிடும். எனக்குத் தலைகால் புரியவில்லை. மலைக்காற்று, கேழ்வரகுக் களி, மேடு ஏறி இறங்குகிற கால் என்று அரை மணி நேரம் அளந்தேன். ஒரு கருத்தரங்கில் மேடை ஏறியும் சொன்னேன், எல்லாரும் கை தட்டினார்கள். அண்ணனுக்குப் போன் போட்டு, "உங்க ரத்தத்துக்கு இருவது வயசாமுங்க!" என்றேன். அவர், "அப்படியா," என்று சொல்லிவிட்டு மிளகு விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன்.

3

இந்த மாதிரிக் குறிப்புகளில் பிள்ளைகளைப் பற்றிப் புலம்பாமல் இருக்க முடியாது. நானும் புலம்பியிருக்கிறேன். தேன்மொழி இங்கே பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் 'மொழி'யை யாராலும் சொல்ல முடியாமல் அவளைத் தேனா ஆக்கிவிட்டார்கள். அவள் அப்பாவும் நானும் வேறு வேறு ஊரில் இருக்கிறோம், அது வேறு கதை. எனக்கு இங்கே இருப்பது அவள் ஒருத்திதான்.

கோடையில் நீச்சலை விட்டாள். சின்ன வயதிலிருந்து வாரம் தவறாமல் போனவள். கேட்டதற்கு, "போர் அடிக்குதும்மா," என்றாள். அக்டோபரில் படிப்புக்காகத் தெற்கே போனாள், ரயிலில் பாதி நாள் தூரம். அதற்குப் பிறகு போன் எடுப்பதில்லை. எடுத்தாலும் இரண்டு வார்த்தை. "தூங்கிட்டிருந்தேன்மா." எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் தூக்கம். நம் வீட்டுப் பெண் உச்சிவெயில் வரைக்கும் தூங்குமா என்று கத்துவேன், வைத்துவிடுவாள்.

பொங்கலுக்கு வருவாயா என்றால் பார்க்கலாம் என்கிறாள். தீபாவளிக்கு அனுப்பிய போட்டோவில் முழங்கைக்கு மேலே கன்னிப்போன நீலம். சைக்கிளில் இடித்துக்கொண்டாளாம். கவனமே கிடையாது என்று அதற்கும் ஒரு திட்டு. என் தோழிகளிடம், மகள் கை நழுவிப் போய்விட்டாள் என்று சொல்லி அழுதேன். எல்லாருடைய பிள்ளைகளும் அப்படித்தான் என்று ஆறுதல் சொன்னார்கள். எனக்கும் அதுதான் பொருத்தமாகப் பட்டது.

4

நவம்பரில் ஒரு புது மென்பொருளை எழுதி முடித்தேன். குப்பையில் போடுவதை எல்லாம் திரும்ப எடுத்துப் பார்ப்பது அதன் வேலை. உண்மையிலேயே இரண்டு செல்கள் ஒட்டியிருந்தால் உள்ளே மரபுப்பொருளும் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். மெஷின் அதையும் அளக்கிறது, ஆனால் பழைய மென்பொருள்கள் அதை அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை. சோதித்துப் பார்க்க வேண்டும் என்றால் எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்த ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும். நங்கூரத்தை எடுத்து ஓட்டினேன்.

குப்பைக்குள்ளே ஒரு தீவு இருந்தது.

சின்னது. கொஞ்சம் தள்ளி, தனியாக. அந்தச் செல்கள் ஒவ்வொன்றும் குழந்தைச் செல்லின் புரதத்தையும் முதிர்ந்த செல்லின் புரதத்தையும் சேர்த்து மாட்டிக்கொண்டிருந்தன. சேர்ந்து இருக்கக் கூடாதவை. அதனால்தான் எல்லா மென்பொருளும் இரட்டை என்று கடாசியிருக்கிறது. ஆனால் மரபுப்பொருள் ஒரு மடங்குதான். ஒட்டவில்லை. ஒவ்வொன்றும் ஒற்றைச் செல்.

வேறொரு நாள் ஓட்டியதைத் திறந்தேன். அதே இடத்தில் அதே தீவு. இன்னொரு நாள், இன்னொரு நாள். எல்லாவற்றிலும் இருந்தது. பெத்ராவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். பிறகு நோயாளிகளின் படங்களைத் திறக்கச் சொன்னாள். சிலருடையதில் இதே தீவு இருந்து, அழிக்கப்பட்டிருந்தது. ஆரோக்கியமான ஆளிடமும் இருப்பதால் இது மெஷினின் கோளாறு என்று நேர் செய்யும் பகுதி முடிவு கட்டி அழித்திருந்தது.

"சரசு, இது நல்ல செல் இல்லை," என்றாள் பெத்ரா.

எனக்குத் தெரியும். இந்த மாதிரித் தீவைப் பெரிதாகப் பார்த்திருக்கிறேன். ரத்தப் புற்றுநோய்க்காரர்களிடம் பார்த்திருக்கிறேன். படத்தையே மூடிக்கொண்டு படர்ந்திருக்கும்.

குப்பிகள் எல்லாம் மார்ச் மாதம் ஒரே நாளில் எடுத்த ரத்தம். உறைந்து கிடப்பதால் அதற்குள் எதுவும் வளராது. எத்தனை தடவை ஓட்டினாலும் அது மார்ச் மாதத்தைத்தான் காட்டும். ஆனால் அந்த ரத்தத்தைக் கொடுத்த உடம்பு உறைந்து கிடக்கவில்லை. இப்போது அந்தத் தீவு எவ்வளவு பெரிதாகியிருக்கும் என்று என் மென்பொருளால் சொல்ல முடியாது. அதுதான் என்னைத் தின்றது.

5

அண்ணனிடம் உடனே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இந்த நாட்டைத் தெரியாமல் கேட்கிறீர்கள். ரத்தம் கொடுத்தவருக்கு ஆய்வு முடிவைச் சொல்லக் கூடாது. எங்கள் மெஷின் ஆராய்ச்சி மெஷின், வைத்தியத்துக்கு ஏற்றதென்று முத்திரை வாங்காதது. அது சொல்வதைக் கேட்டு ஒருவர் பயந்து ஏதாவது செய்துகொண்டால் யார் பொறுப்பு? அதற்கென்று ஒரு குழு இருக்கிறது, அது கூடி முடிவு செய்ய வேண்டும். பெத்ரா அன்றைக்கே எழுதினாள். நல்லவள்தான். அடுத்த மாதக் கூட்டத்தில் எடுத்துக்கொள்கிறோம் என்று மரியாதையான பதில் வந்தது. மெயிலின் மேலே 'மாண்புமிகு முனைவர் அவர்களுக்கு' என்று என்னை விளித்திருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி ஜன்னல் வழியாக வீசியிருப்பேன்.

"குறியெண் யாருடையது என்பது உனக்குத் தெரிந்திருக்கவே கூடாது," என்றாள் பெத்ரா. "தெரிந்ததால் சொன்னாய் என்று வெளியே போனால் இந்த ஆய்வையே நிறுத்திவிடுவார்கள். அந்த நோயாளிகளையும் திரும்பப் பார்க்க முடியாமல் போகும்."

அதனால் சுற்றி வளைத்துப் பேசினேன்.

"ஏனுங்கண்ணா, வருசத்துக்கு ஒருக்கா ரத்தம் பாத்துக்கோணுமுங்க. சேலம் போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

"பறிப்பு நடக்குது புள்ள. ஆளுங்கள உட்டுப்போட்டு எங்க போறது? தை பொறக்கட்டும்."

"தையெல்லாம் ஆகாதுங்க! இந்த வாரமே போங்க."

"எனக்கென்ன கேடு? அடிவாரத்துக் குப்பனூர்ல இருந்து இந்த மேட்ட நடந்தே ஏறிப்போடுவேன்."

தினம் காலையில் வீடியோ போட்டேன். அங்கே அப்போது மத்தியானம், களத்தில் பழம் புரட்டிக்கொண்டிருப்பார். கண் இமையைக் கீழே இழுத்துக் காட்டச் சொல்வேன், நாக்கை நீட்டச் சொல்வேன், சட்டைக் கையை மடித்துவிட்டுக் காட்டச் சொல்வேன். "எங்காச்சும் கன்னிப் போயிருக்குதுங்களா? பல்லு வெளக்கறப்ப ரத்தம் வருதுங்களா? ராத்திரி வேர்க்குதுங்களா?" தலைச்சோலையில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும், பாதி இமையோடு அவர் முகம் உறைந்து நிற்கும். அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெளுத்திருக்கிறதா, இல்லையா. திருவிழா முடிந்து தாடி போன முகத்தில் கன்னம் ஒட்டியிருப்பதாகத் தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சேர்ந்து பேசினோம். மாமா என்றால் மட்டும் தேனு எப்படியாவது வந்துவிடுவாள். திரையில் ஒரு கட்டத்துக்குள் அண்ணன் இமையை இழுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறார், நான் விளக்கைப் பக்கத்தில் வையுங்கள் என்று கத்திக்கொண்டிருக்கிறேன். இன்னொரு கட்டத்துக்குள் தேனு போர்வைக்குள் சுருண்டு தலையணையில் கன்னத்தை வைத்துக் கிடந்தாள். மூக்கில் ஒரு காகிதத்தைச் சுருட்டி வைத்திருந்தாள்.

"சாமி, மூக்குல என்ன?" என்றார் அண்ணன்.

"ஹீட்டர் காத்து மாமா. காஞ்சு ரத்தம் வருது."

"எண்ண தடவு கண்ணு."

"அவள உடுங்கண்ணா," என்றேன். "நீங்க அந்தக் கண்ணக் காட்டுங்க."

6

கடைசியில் அண்ணிதான் அவரை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிச் சேலத்துக்குப் போனார். மறுநாள் அண்ணன் கூப்பிட்டார். குரலில் கிண்டல்.

"டாக்டரு சிரிக்கறாரு சரசு. எல்லாமே சுத்தமா இருக்குதாமா. போய்க் காப்பி பறிங்கன்னுட்டாரு."

ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினார். எல்லா எண்ணும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. எனக்கு நிம்மதி வரவில்லை, பயம் கூடியது. சாதாரண ரத்தப் பரிசோதனையில் ஆரம்பம் தெரியாமல் போகலாம். அப்படியானால் அது எலும்புக்குள் ஒளிந்திருக்கிறது. அடுத்து எலும்பு மஜ்ஜையைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

"அண்ணா, இன்னொரு டெஸ்ட் இருக்குதுங்க. இடுப்பெலும்புல ஊசி போட்டு எடுப்பாங்க."

"எலும்புலயா? எதுக்கு புள்ள? நல்லாருக்கறவன் எலும்புல போய் ஓட்ட போடறதா?"

"எடுத்துத்தான் ஆகோணுமுங்க."

"என்ன ஏதுன்னு சொல்லு. ஒரு மாசமா கண்ணக் காட்டு நாக்கக் காட்டுங்கற. என்ன மறைக்கற நீ?"

குழுவாவது, சட்டமாவது, மண்ணாங்கட்டியாவது என்று ஆகிவிட்டது எனக்கு. வேலை போனால் போகட்டும், வந்து காப்பி பறிக்கிறேன்.

"மார்ச்சுல இங்க ரத்தம் குடுத்தீங்களே, அதுல கெட்ட செல்லு இருக்குதுங்கண்ணா. புத்துநோய் செல்லு. நானே பாத்தேன். அன்னிக்கே இருந்துருக்குது, இப்ப எவ்வளவு ஆயிருக்கும்னு தெரியல. தயவு செஞ்சு போய்ப் பாருங்க, உங்க காலப் புடிக்கறேன்."

சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் களத்தில் யாரோ பழத்தைப் பலகையால் தள்ளுகிற சரசரப்புக் கேட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணா?"

"சரசு..." குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "அன்னிக்குக் குடுத்தது நானில்ல கண்ணு."

"என்னங்க சொல்றீங்க?"

"வேண்டுதல்ல இருந்தேன் புள்ள. கத்தி மட்டுமில்ல, ஊசியும் ஒடம்புல படக்கூடாது, ஒரு சொட்டு ரத்தம் சிந்தக்கூடாதுன்னு வேண்டியிருந்தேன். உங்கிட்டச் சொன்னா தாடிக்குக் கத்துன மாதரி கத்துவ. அந்தம்மா முன்னாடி மாட்டேன்னு சொன்னா உனக்குக் கௌரவக் கொறச்சல். தேனுகிட்டத்தான் சொன்னேன். நீங்க உக்காருங்க மாமா, நான் குடுக்கறேன், அம்மாக்குத் தெரிய வேண்டாம்னுச்சு. அந்த நர்ஸம்மா யாரு குடுக்கறதுன்னு கேட்டாங்க. புள்ள தான்தான்னு கைய நீட்டிருச்சு."

இருபது வயதுக்காரர் போல இருக்கிறது என்று பெத்ரா சொன்னது நினைவுக்கு வந்தது. கேழ்வரகுக் களி என்று நான் மேடையில் சொன்னது நினைவுக்கு வந்தது. ஜூஸ். நீச்சல். முழங்கையில் நீலம். மூக்கில் சுருட்டி வைத்த காகிதம். அவள உடுங்கண்ணா என்று நான் சொன்னது.

"சரசு, என்னமோ பேசு. புள்ளைக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லு," என்று அண்ணன் அழ ஆரம்பித்தார். நான் போனை வைத்துவிட்டுத் தேனுவைக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பிறகு ஒரு வரிச் செய்தி வந்தது. 'தூங்குறேன்மா. அப்புறம் பேசுறேன்.'

7

ரயில் முழுக்க எனக்கு ஒரே நினைப்பு. இத்தனை மாதமும் எங்கள் ஆய்வகத்தில் வந்த நோயாளிகள் எல்லாரையும் என் மகளை வைத்துத்தான் அளந்திருக்கிறோம். இவளைப் போல இருந்தால் நலம், இவளிலிருந்து விலகினால் நோய். பெத்ராவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சட்டம் எதுவும் பேசவில்லை. தெற்கே தனக்குத் தெரிந்த மருத்துவரின் பெயரைச் சொல்லி, நேரே அங்கே போ, நான் இப்போதே பேசுகிறேன் என்றாள். அழிக்கப்பட்ட மற்ற படங்களைத் திரும்ப ஓட்ட ஆரம்பித்துவிட்டதாகவும் சொன்னாள். அதில் யார் யாருடைய பிள்ளைகள் இருக்கிறார்களோ.

தேனு கதவைத் திறக்கவே ரொம்ப நேரம் ஆனது. என்னைப் பார்த்ததும், "சொல்லாம வந்திருக்கியே, இப்பவும் திட்டத்தான் வந்தியா?" என்றாள். மாடிப்படி ஏறி வந்த எனக்கு இரைக்கவில்லை, கதவு வரைக்கும் நடந்து வந்த அவளுக்கு இரைத்தது. உட்கார வைத்து இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். ஒரு மாதமாக அண்ணனிடம் தேடிய வெளுப்பு அங்கே இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "மாமாவத் திட்டினியா?" என்றுதான் கேட்டாள்.

"இல்ல சாமி."

"திட்டாதே. நான்தான் கையை நீட்டினேன். அவர் வேண்டாம் வேண்டாம்னு சொன்னார்."

"எங்கிட்டச் சொல்லிருக்கலாமே."

"நீ கத்துவேம்மா," என்றாள், சர்வ சாதாரணமாக.

இன்று காலை அண்ணன் கூப்பிட்டார். ஜீப் பிடித்துச் சேர்வராயன் கோயிலுக்குப் போயிருக்கிறார், பறிப்பைப் பாதியில் விட்டுவிட்டு. போனில் காற்று இரைந்தது. "மறுபடி வேண்டிக்கிட்டேன் சரசு. இந்தத் தடவ எத்தன வருசமானாலும் செரி." நான் கத்தவில்லை. என் பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். நம்பிக்கை வந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். மகள் பிழைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ரத்தம் எடுத்து உள்ளே அனுப்பி ரொம்ப நேரம் ஆகிறது. தேனு என் தோளில் சாய்ந்து தூங்குகிறாள். கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்கிறேன். எடுக்கும்போது நானும் கூடவே நின்றேன். எந்த மீட்டிங்கும் இல்லை. நர்ஸ் நல்ல பெண், பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு குழாயிலும் சீட்டு ஒட்டினாள். தேன்மொழி என்று முழுதாக அச்சடித்திருந்தது. தேனு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இந்தத் தடவை என் பேர்லயே குடுக்கறேம்மா," என்றாள்.

என்ன சொல்கிறாள் என்று நர்ஸ் சிரித்துக்கொண்டே கேட்டாள். நான் மொழிபெயர்க்கவில்லை.